சந்தேகக் காத்தாயி

தாலுகா ஆபீஸ் வாசலில், தூங்குமூஞ்சி மரத்தடியில், முப்பத்தொரு வருஷம் மனு எழுதிப் பிழைத்தவன் நான். பெயர் இராஜாங்கம். முதலில் கையால் எழுதினேன். ஆட்சி மாறி, ஆபீஸ் காகிதமெல்லாம் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று ஆனதும், கும்பகோணத்தில் ஒருவர் விற்ற தமிழ் டைப் மிஷினை வாங்கி வந்து மேஜைமேல் வைத்தேன். அந்த வாசலில் அதுதான் முதல் மிஷின். அன்றிலிருந்து என் நடையே மாறிவிட்டது என்று என் மனைவி தங்கம்மாள் சொல்லிக் காட்டுவாள். மாறித்தான் இருக்கும். கிராமத்து ஜனங்கள் கை கட்டிக்கொண்டு வாய் பிளந்து பார்த்தால் யாருக்குத்தான் தலைக்கு ஏறாது?

வாய் பிளக்காமல் பார்த்தவள் ஒருத்திதான், காத்தாயி. அவளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அவள் இவள் என்று எழுதுகிறேனே என்று யாரும் கோபிக்க வேண்டாம். அந்தக் காலத்தில் நான் அப்படித்தான் நினைத்தேன், அப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது மரியாதை சேர்த்து எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

காத்தாயிக்கு அப்போது முப்பது வயசு இருக்கும். டவுனுக்குக் கிழக்கே மூன்று மைலில் ஊர். பண்ணையாரிடம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்த மருதையனின் சம்சாரம். மஞ்சள் காமாலையில் மருதையன் போய்விட்டான். செவ்வந்தி என்று ஒரு பெண் குழந்தை. புருஷன் போன பிறகும் நிலத்தை விடவில்லை. ஏர் பிடிக்க மட்டும் ஆள் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அவளே செய்தாள்.

என்னிடம் முதலில் வந்தது ரேஷன் கார்டில் மருதையன் பெயரை எடுக்க. எடுக்கச் சொல்லி ஆபீசிலிருந்து இரண்டு தரம் ஆள் விட்டிருந்தார்கள். "செத்தவரு பேரை எடுக்க இவ்வளவு அவசரப்படுறாங்க. உசுரோட இருக்கற புள்ள பேரைச் சேக்கச் சொல்லி ஒரு வருசமாச்சு, அதுக்கு மட்டும் வாயே தொறக்க மாட்டேங்கறாங்க" என்றாள். நான் மனுவை அடிக்க ஆரம்பித்தேன். மிஷினையும் என் விரலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்து முடித்ததும் கேட்டாள்.

"கையால எழுதினா இது உங்க கைன்னு தெரியும்ங்க. இதை யாரு தட்டினாலும் ஒரே மாதிரிதானே விழும்? நாளைக்கு 'நான் எழுதலை'ன்னு நீங்க சொல்லிட்டா?"

எனக்குச் சுருக்கென்றது. புது மிஷின், புது ரிப்பன், ஒரு எழுத்து பிசகாமல் அடித்துக் கொடுத்திருக்கிறேன், அதற்கு இந்தப் பேச்சு. பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து, "இவ பேரு காத்தாயி இல்ல, சந்தேகக் காத்தாயி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அதன் பிறகு மாசத்துக்கு ஒரு தரமாவது வருவாள். காத்திருக்கும் நேரத்தில் மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு உலகத்தைப் பற்றித் தன் அபிப்பிராயங்களைச் சொல்வாள். நான் வேண்டுமென்றே கிண்டிவிடுவேன். எதிரே டீக்கடையில் ரேடியோ வாங்கி வைத்திருந்தார்கள். ஒரு வருஷம் மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று அது சொன்ன அன்றே அவள் ஊரில் பாதிப் பேர் விதையை ஊறப் போட்டுவிட்டார்கள். இவள் போடவில்லை. வாய்க்காலில் தண்ணீர் காலை நனைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிட்டாள். அந்த முறை கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர இருபது நாளாயிற்று. ஊறப் போட்டவர்கள் விதை வீணாகிப் போயிற்று. நான் விசாரித்தபோது, "ரேடியோ பேசும், நாம பேசுறதக் கேக்காதுங்க. நம்ம பேச்சைக் கேக்காத எதையும் நான் நம்புறதில்ல" என்றாள்.

எப்போதும் அவள் பக்கமே ஜெயித்தது என்று சொல்ல மாட்டேன். ஆடுதுறை இருபத்தேழு என்று புது ரக நெல் வந்து ஊரே விதைத்தபோது, சர்க்கார் சும்மா கொடுக்கிற புத்தியில் ஏதோ இருக்கிறது என்று பழைய ரகத்தையே போட்டாள். மற்றவர்கள் களத்தில் ஒன்றரை மடங்கு கண்டார்கள். அடுத்த வருஷம் சத்தமில்லாமல் இவளும் மாறிவிட்டாள். விடுவேனா நான்? பிடித்துக்கொண்டேன். கொஞ்சமும் வெட்கப்படாமல், "வெளஞ்சதைப் பாத்தேன், நம்பினேன். பாக்கறதுக்கு முன்னாடி எதுக்கு நம்பணும்?" என்று கேட்டாள்.

பண்ணையின் காரியஸ்தர் குஞ்சிதபாதம் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வயலுக்கு வர ஆரம்பித்த பிறகு நடவு ஆட்களுக்குக் கஞ்சி நேரம் தள்ளித் தள்ளிப் போயிற்று. கடிகாரம் தப்புச் சொல்லாது என்று நான் அவளுக்குப் பாடம் எடுத்தேன். அது சரிதான், ஆனால் அவர் கையில் இருக்கிற வரைக்கும் அது அவர் சொல்கிற மணிதான் என்று பதில் வந்தது. பள்ளிக்கூடத்தையும் விட்டுவைக்கவில்லை. செவ்வந்தியை ஒரு நாள் தவறாமல் அனுப்புவாள். ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் களைக்கொட்டோடு போய் வகுப்பு ஜன்னலில் நின்று, உள்ளே பாடம் நடக்கிறதா, இல்லை பிள்ளை வாத்தியார் வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வயலுக்குப் போவாள். அவளே கைநாட்டு, படிப்பைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கைநாட்டு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ரேகை வைக்கும்போது அவர்கள் கட்டைவிரலை நான் பிடித்து, இங்க் பேடில் உருட்டி, காகிதத்தில் உருட்டி எடுப்பேன். அப்போதுதான் ரேகை தெளிவாக விழும். எல்லாருக்கும் அப்படித்தான் செய்வேன், காத்தாயி தெருக்காரர்களைத் தவிர. அவர்கள் விரலை நான் தொட மாட்டேன். பேடைத் தள்ளி வைத்து, "நீயே வை" என்பேன். அந்தக் காலத்தில் யாரும் அதைத் தப்பாகச் சொல்லவில்லை. யாரும் என்று இங்கே எழுதும்போது அவர்களைச் சேர்க்காமல்தான் எழுதுகிறேன்.

இதற்கிடையில் உழுகிறவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. குத்தகைக்காரன் பெயர் ஒரு தரம் ஏறிவிட்டால் பண்ணையார் நினைத்த நேரத்தில் இறக்கிவிட முடியாது. ஊருக்கு ஊர் விவசாயச் சங்கக் கொடியும் போலீஸ் லாரியுமாக இருந்த காலம். சில ஊர்களில் குடிசைகள் எரிந்தன. காத்தாயியும் மனுக் கொடுத்திருந்தாள், ஆனால் அந்த மனு மட்டும் என்னிடம் அடித்ததில்லை. சங்க ஆபீசில் யாரையோ வைத்துக் கையால் எழுதிக் கொடுத்திருந்தாள். எனக்கு அதிலும் ஒரு கோபம்.

மாசி மாசம், அறுவடை முடிந்திருந்தது. காரியஸ்தர் குஞ்சிதபாதம் காலையிலேயே தனியாக வந்து, என்ன அடிக்க வேண்டும், என்ன வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் இரண்டு தடி ஆட்களோடு காத்தாயியை அழைத்து வந்தார். பம்பு செட்டுக்குக் கரண்ட் கேட்டு பண்ணை சார்பில் மனுப் போடுகிறோம், குத்தகைக்காரர்களும் ரேகை வைக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். நான் அடித்தது வேறு. 'மேற்படி ஆறு மா நிலத்தை எனது சுய நினைவுடன், யாருடைய வற்புறுத்தலும் இன்றி, நில உடைமையாளரிடம் விட்டுக்கொடுத்துவிட்டேன்' என்று அடித்தேன். கீழே 'இடது கைப் பெருவிரல் ரேகை' என்றும், அதற்கும் கீழே 'படித்துக் காட்டி ரேகை பெற்றவர்: இராஜாங்கம்' என்றும் அடித்தேன். பிறகு அதைக் கையில் பிடித்துக்கொண்டு, கரண்ட், பம்பு செட், விவசாய அபிவிருத்தி என்று நீட்டி முழக்கி வாசித்தேன். குரல்கூட நடுங்கவில்லை.

காகிதத்தை அவள் முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்குங்க" என்றாள். காரியஸ்தர் சிரித்தார். நான் வழக்கம்போல் பேடைத் தள்ளினேன்.

"நானே வைக்கிறேங்க" என்று சொல்லி, முந்தானையில் கையைத் துடைத்து, கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து அழுத்தினாள். மை விழுந்ததா என்று மட்டும் பார்த்தேன். விழுந்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பண்ணையிலிருந்து என் வீட்டுக்கு வண்டி வந்தது. ஒரு கலம் நெல். நான் கூடத்தில் உட்கார்ந்து ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன். ஓர் ஆள் தலையில் மூட்டையோடு வாசலில் நிற்பது தெரிந்தது. கொல்லைப்பக்கமாகப் போ என்று கையைக் காட்டினேன். ஆள் போய் இறக்கிவிட்டுப் போயிற்று. தங்கம்மாள் எதற்கு நெல் என்று கேட்டாள். வேலைக்கு என்றேன். என்ன வேலைக்கு என்று அவள் கேட்கவில்லை.

சித்திரையில் விசாரணை. பதிவு அதிகாரி சின்ன வயசுக்காரர், வெயிலில் கறுத்துப்போன முகம், அதிகம் பேசாதவர். பண்ணை வக்கீல் எழுந்து, இந்தப் பெண் நிலத்தை ஏற்கெனவே விட்டுக்கொடுத்துவிட்டாள், எழுத்துப்பூர்வமாக இருக்கிறது என்று நான் அடித்த காகிதத்தை நீட்டினார். சாட்சிக்கு நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். அதிகாரி காகிதத்தைக் காட்டி, இது உன் ரேகைதானா என்று காத்தாயியைக் கேட்டார். அவள் இல்லை என்று சொல்வாள், நிபுணரிடம் போகும், ரேகை அவளுடையதுதான் என்று வரும், கதை முடியும். காரியஸ்தர் போட்டிருந்த கணக்கு அதுதான்.

"என்னுதுதாங்க" என்றாள். "ஆனா பெருவிரல் இல்லீங்க."

இடது கையை நீட்டி மோதிர விரலை மட்டும் மடக்காமல் காட்டினாள். அதிகாரி பேடை வரவழைத்து, இரண்டு விரலையும் அவரே பிடித்து உருட்டி எடுத்தார். பூதக்கண்ணாடி வைத்து வெகு நேரம் பார்த்தார். பிறகு, பெருவிரல் என்று எழுதியிருக்கும் இடத்தில் எதற்கு இந்த விரலை வைத்தாய் என்று கேட்டார்.

"பெருவிரல் வச்சா நான் ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம்ங்க. இந்த விரலு ஒத்துக்கலைன்னு அர்த்தம். அவங்க வாசிச்சது கரண்டு, எழுதியிருந்தது நெலம். வைக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே என் குடிசை இருந்திருக்காது."

எழுதியிருந்தது நிலம் என்று உனக்கு எப்படித் தெரியும் என்றார் வக்கீல். படித்தேன் என்றாள். அந்த அறையில் சிரிக்காதவர்கள் அவளும் அதிகாரியும் மட்டும்தான். நான்கூடச் சிரித்தேன். அதிகாரி காகிதத்தை அவள் பக்கம் திருப்பி, படி என்றார். விரலை வைத்துக்கொண்டு படித்தாள். 'மே-ற்-படி ஆறு மா நில-த்தை எனது சுய நி-னை-வுடன்.' ஒவ்வொரு எழுத்தாகத் தூக்கிக் கரையேற்றுகிற மாதிரி இருந்தது. ஆனால் ஒன்றைக்கூட விடவில்லை. கடைசியில் 'படித்துக் காட்டி ரேகை பெற்றவர் இராஜாங்கம்' என்ற இடம் வந்ததும் நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எங்கே படித்தாய் என்று அதிகாரி கேட்டதற்குச் சுவரில் என்றாள். மருதையன் தேர்தலுக்குத் தேர்தல் சுவர் எழுதுகிறவன். சுண்ணாம்பு வாளியும் காவியும் தூக்கிக்கொண்டு கூடப் போனவள் இவள். ஒரு முழ உயர எழுத்தில் கட்சிப் பெயரும் வேட்பாளர் பெயருமாக, வைக்கோல் போருக்கும் வாய்க்கால் மதகுக்கும் நடுவே படித்திருக்கிறாள். பிறகு ஏன் இத்தனை நாள் கைநாட்டு வைத்தாய் என்று கேட்டார். "படிக்கத் தெரியும்னா காகிதத்தை மறைச்சுடுவாங்க. தெரியாதுன்னாத்தாங்க முன்னாடியே விரிச்சு வைக்கிறாங்க" என்றாள்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டார். அன்று இந்தப் பெண்ணுக்கு நீ வாசித்துக் காட்டியது என்ன? ஒரே கேள்விதான். உண்மையைச் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். காரியஸ்தர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். காத்தாயி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஞாபகம் இல்லீங்க. ஒரு நாளைக்கு இருபது மனு அடிக்கிறேன்" என்றேன். பண்ணையாரைப் பகைத்துக்கொண்டு அந்த டவுனில் மிஷின் தட்ட முடியாது, பயந்துவிட்டேன்.

என் ஞாபகத்தின் துணை இல்லாமலே அவள் ஜெயித்தாள். காகிதத்தில் சொல்லியிருக்கும் விரல் வேறு, வைத்திருக்கும் விரல் வேறு, ஆகவே அது செல்லாது என்று அதிகாரி எழுதினார். காத்தாயி பெயர் பதிவேட்டில் ஏறியது. பண்ணையில் மேல்முறையீடு என்று இரண்டு வருஷம் இழுத்தார்கள், நிற்கவில்லை. அதன் பிறகு அவள் எங்கேயும் கைநாட்டு வைத்ததில்லை. 'காத்தாயி' என்று சுவரில் எழுதுகிற மாதிரி பெரிய பெரிய எழுத்தில் கையெழுத்துப் போடுவாள், பாதிக் காகிதம் போய்விடும். என் மரத்தடிக்கும் வருவதில்லை. எனக்குத் தொழில் குறையவில்லை. சந்தேகக் காத்தாயி என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

இப்போது எனக்கு எழுபத்திரண்டு. தாலுகா ஆபீஸ் எதிரே கம்ப்யூட்டர் கடைகள் வந்துவிட்டன. மிஷினைப் பழைய இரும்புக்குப் போட எடுத்தபோது அதன் பெட்டிக்கு அடியில் அந்தக் காகிதத்தின் கார்பன் காபி கிடந்தது. தங்கம்மாள் இருந்திருந்தால் கிழித்துப் போடச் சொல்லியிருப்பாள். இரண்டு நாள் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மன்னிப்புக் கேட்டு நான் சொல்லச் சொல்ல, கடையில் கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் அடித்து வாங்கிக்கொண்டு காத்தாயி ஊருக்குப் பஸ் ஏறினேன்.

ஓட்டு வீடு. செவ்வந்தி தஞ்சாவூரில் நர்ஸாக இருக்கிறாள். வாசலில் உளுந்து காயவைத்துக்கொண்டிருந்த காத்தாயி என்னை அடையாளம் கண்டு நாற்காலி போட்டாள். வாசல் வழியாகவே உள்ளே கூப்பிட்டாள். கண்ணாடி போட்டுக்கொண்டு கடிதத்தை முழுக்கப் படித்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இதை யாரு வேணும்னாலும் அடிக்கலாமே. கையால எழுதிட்டு வாங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். எழுத்து முன்போல் இல்லை. என்றாலும் என் கைதான். மன்னிப்பை மட்டும் எழுதினால் போதாது, அவள் யார், நான் யார், என்ன நடந்தது என்று முதலிலிருந்து எழுத வேண்டும் என்று தோன்றியது. இதுவரை நீங்கள் படித்ததுதான் அது.

இனி எழுதுவது அதைக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகு சேர்த்தது. இங்கிருந்து அவர் என்று எழுதுகிறேன்.

காத்தாயி அம்மாள் எல்லாப் பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தார். அரை நாள் ஆயிற்று. ரேடியோ விஷயம் வந்த இடத்தில் லேசாகச் சிரித்தார். தொடாத விரல் வந்த இடத்தில் சிரிப்பு இல்லை. ஓரிடத்துக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போனார். விசாரணையாக இருக்கும் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். நெல் மூட்டை வந்த ஞாயிற்றுக்கிழமை.

"'ஓர் ஆள்'னு எழுதியிருக்கீங்க" என்றார். "அந்த ஆளு நான்தாங்க. எங்க வயல் நெல்லுதான். குத்தகை அளக்கப் போனப்ப, ஒரு கலத்தை இராஜாங்கம் வீட்ல நீயே போட்டுட்டு வான்னாரு காரியஸ்தரு. வாசல்ல நின்னேன். கையைக் காட்டினீங்க. நிமிந்து பாக்கலை."

எங்கள் வீட்டில் அந்த நெல்லைக் குத்திப் பொங்கிச் சாப்பிட்டோம். அதைச் சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை. அந்த இடத்தை அடித்துவிட்டுச் சரியாக எழுதித் தருகிறேன் என்றேன்.

"வேணாம். அப்படியே இருக்கட்டும். அதுவும் உங்க கைதானே."

படித்ததற்கு அடையாளமாகக் கீழே ஒரு கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்டுப் பேனாவை நீட்டினேன். மன்னித்துவிட்டதாக எழுதச் சொல்லத் தைரியமில்லை, கையெழுத்தே போதும் என்று இருந்தது. அவர் பேனாவை வாங்கி உளுந்துப் பாயின் ஓரத்தில் வைத்துவிட்டு, இங்க் பேடு இருக்கிறதா என்று கேட்டார். பழக்கம், பையில் இருந்தது. திறந்து அவர் பக்கம் வைத்தேன். பிறகு ஏதோ தோன்றி, ரேகை உருட்ட என் கையை நீட்டினேன்.

"நானே வைக்கிறேங்க" என்றார்.

இந்த முறை திரும்பி உட்காரவில்லை. என் கண்ணுக்கு நேராகவே வைத்தார். மோதிர விரல்.